தலைமாட்டு நாடும் கால்மாட்டு நாடும்

முன்னொரு காலத்திலே, ராஜாக்கள் வெயிலுக்குப் பயந்து நடுப்பகலில் சண்டைக்குப் போகாமல் இருந்த நல்ல காலத்திலே, கண்வளர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கம் போன வழிப்போக்கர்கள் எல்லாம் தூங்கிவிட்டார்கள், வந்து சொல்ல ஆளில்லை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சூரியன் உச்சிக்கு வந்ததும் அரண்மனை முரசு 'தொம்' என்று ஒரு தட்டுத் தட்டும். உழுகிறவன் ஏரை நிறுத்துவான். மாவாட்டுகிறவள் கையைக் கழுவுவாள். மந்திரி பேசிய பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கொட்டாவி விடுவார். திருடன்கூட மூட்டையை இறக்கித் தலைக்கு வைத்துக்கொள்வான். எல்லோரும் பாயை விரித்துப் படுப்பார்கள், படுத்ததும் எல்லோருக்கும் ஒரே கனவு வரும்.

ஆமாம், ஒரே கனவு. ராஜாவுக்கு ஒன்று, வண்ணானுக்கு ஒன்று என்று கிடையாது. வெள்ளைப் பூ உதிர்ந்து கிடக்கும் ஒரு சந்தில் எல்லோரும் சேர்ந்து நடக்கத் தொடங்குவார்கள். கனவு முடியும் இடத்தில் நீளமாக ஒரு பந்தி, இலை போட்டிருக்கும். இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான், அங்கே ராஜா என்று யாரையும் யாரும் பார்ப்பதில்லை. நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். ஒரு நாள் குளம் எழுந்து மேகத்தோடு பேசும். ஒரு நாள் எல்லோரும் மீனாகி, ஒருவர் செதிலை ஒருவர் எண்ணிச் சிரிப்பார்கள்.

வெயில் தாழ எழுந்து, முகம் கழுவி, ஊர்ச் சதுக்கத்தில் கூடுவார்கள். ஒருவர் கனவைத் தொடங்குவார். "அப்புறம்?" என்று கூட்டம் கேட்கும். "அப்புறம்..." என்று வேறொருவர் எடுத்துக்கொள்வார். எல்லோரும் பார்த்த கனவுதான், ஆனாலும் கேட்பதில் ஒரு ருசி. இப்படிக் காலம் காலமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் கனவில் பனிமூட்டம் வந்தது. மூட்டத்துக்குள் ஒரு வெள்ளை யானை. அதன் முகம் எது, முதுகு எது, தெரியவில்லை. ஏதோ ஒன்று தொங்கி ஆடியது. தும்பிக்கையா, வாலா? கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் பனி மூடிவிட்டது, எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள்.

அன்று சதுக்கத்தில் ஒருவர், "வெள்ளை யானை வந்துச்சு" என்று தொடங்கினார்.

"வந்துச்சா? போச்சுய்யா!" என்றார் இன்னொருவர்.

கண்வளர்நாட்டில் வெள்ளை யானை என்றால் செழிப்பு. அது வருகிறது என்றால் களஞ்சியத்தைத் திற, எல்லைக் கதவைத் திற, பஞ்சம் பிழைக்க வருகிறவனுக்கு நிலம் கொடு. அது போகிறது என்றால் களஞ்சியத்தைப் பூட்டு, கதவைச் சாத்து, இருப்பதைக் காப்பாற்று. மறுநாள் கனவில் யானை வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. திரும்பப் போய்ச் சரிபார்க்க வழி இல்லை. வழி இல்லாத இடத்தில்தானே சண்டை நன்றாக வளரும்? நாடு இரண்டு பட்டது. ஒரு பாதி வரவர்கள், மறு பாதி போக்கர்கள்.

பெண் பார்க்கப் போனால் ஜாதகம் கேட்கும் முன்னே "உங்க வீட்ல யானை எப்படி?" என்று கேட்டார்கள். நாவிதர் பாதி முகம் மழித்த பிறகு ஆள் வேறு கட்சி என்று தெரிந்து கத்தியை மடித்துவிட்டார். சேந்தராயர் என்பவர்தான் அப்போது மகாராஜா. நல்ல மனிதர், பயந்த சுபாவம். வரவர்களிடம் "நீங்க சொல்றதும் சரி" என்றார். போக்கர்களிடம் "நீங்க சொல்றதும் சரி" என்றார். இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது ஒரே விஷயத்தில்தான்: ராஜா உருப்படாதவர் என்பதில்.

கடைசியில் இரண்டு கூட்டமும் ராஜாவிடம் வந்தன. "மகாராஜா, இவங்களோட இருக்க முடியாது. நாட்டைப் பிரிச்சுக் குடுங்க."

ராஜா பிரித்தார். மலையிலிருந்து கடல் வரை ஒரு சுண்ணாம்புக் கோடு. கிழக்கே வரவர், மேற்கே போக்கர். ஆட்டைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், குளத்து மீனைக்கூடப் பிரித்தார்கள். அப்படியும் உச்சி வந்து கண்ணை மூடினால் பழையபடி ஒரே சந்து, ஒரே பந்தி. காலையில் யாரைத் திட்டினார்களோ அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிறார்!

"தூக்கத்திலயும் இவங்க மூஞ்சியா? கனவையும் பிரிச்சாத்தான் ஆச்சு" என்று இரண்டு பக்கமும் கூச்சல் போட்டது.

இந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஒரு வீடு இருந்தது. கோரைப்பாய் நெய்கிற உலகப்பனும் அவன் பெண்டாட்டி மருதாயியும் அங்கே குடியிருந்தார்கள். நாடே தூங்குகிற நாட்டில் பாய் நெய்கிறவர்களுக்கு என்ன குறை? தரையில் தறியைப் பரப்பி, ஒருவர் கோரையைக் கோத்துக் கொடுக்க, எதிரே உட்கார்ந்து மற்றவர் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாத பாய் அது.

உலகப்பன் வரவர். மருதாயி போக்கர். முதலில் தறியில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். பேச்சு நின்றதும் தறியும் நின்றது. கோடு போட்ட அன்று உலகப்பன் கிழக்கு அறைக்குப் போனான், மருதாயி மேற்கு அறையில் இருந்தாள். அவர்களுக்குக் கிளியாள் என்று ஒரு மகள், பால்பல் விழுந்த வயசு. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்சி கிடையாது, கோட்டைத் தாண்டலாம். அதனால் அவள்தான் தூது.

"கிளி, உப்பு எங்க வச்சாங்கன்னு உங்கம்மாவைக் கேளு."

"கிளி, கண்ணு இருக்கிற இடத்துலதான் உப்பும் இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

கிளியாள் போய், சொல்லை மாற்றி, "அடுப்புக்கு மேலே இருக்காம்பா" என்பாள். பாவம், அந்தக் குழந்தை அந்த வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கனவைப் பிரிக்க ஒரு மாயாவி வந்தான். அவன் பெயர் இமையான். பிறக்கும்போதே இமை இல்லாமல் பிறந்தவன், ஒரு கணமும் தூங்கியது கிடையாது. மடியில் ஒரு வெள்ளிப் பாக்குவெட்டி வைத்திருந்தான். அதன் இரண்டு அலகுக்கு நடுவில் எது வந்தாலும் துண்டாகும். கல், காற்று, கனவு, எதுவானாலும்.

"வெட்டித் தர்றேன்" என்றான் இமையான். "வெட்டும்போது கனவுக்குள்ள யாரும் இருக்கக் கூடாது. நாளைக்கு உச்சியில நாடு முழுக்க முழிச்சிருங்க."

"கூலி என்ன?" என்றார் ராஜா.

"பாக்கு வெட்டினா நடுவுல தூள் உதிருமே. அந்தத் தூள் எனக்கு."

"தூள்தானே, எடுத்துக்க" என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள்.

மறுநாள் உச்சியில் முரசு தட்டவில்லை. எல்லோரும் கண்ணில் மிளகாய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டு சதுக்கத்தில் நின்றார்கள். இமையான் கையை உயர்த்தினான். ஆளில்லாத கனவு, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வானத்தில் வெளேரென்று மெல்ல ஆடியது. ஒரு முனையில் பூ உதிர்ந்த சந்து தெரிந்தது, மறு முனையில் பந்தி இலைகள் தெரிந்தன. அதைப் பார்த்துச் சில பேர் அழுதார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"தலைமாடு யாருக்கு? கால்மாடு யாருக்கு?" என்று கேட்டான் மாயாவி. அதற்கும் ஒரு சண்டை. சோழி உருட்டினார்கள். தலைமாடு போக்கருக்கு விழுந்தது, கால்மாடு வரவருக்கு.

மாயாவி பாக்குவெட்டியைத் திறந்தான். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இல்லை!" என்றது கூட்டம்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இல்லை!"

"கடைசியாகக் கேக்கறேன். உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இல்லை! இல்லை! இல்லை!" கிழக்கே நின்று உலகப்பன் தொண்டை கிழியக் கத்தினான். மேற்கே நின்று மருதாயியும் அதே போலக் கத்தினாள்.

கடக்.

கனவு இரண்டானது. நடுவில் கொஞ்சம் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இமையான் அதைத் துண்டில் ஏந்தி முடிந்துகொண்டு, வந்த வழியே போய்விட்டான்.

உலகப்பன் வீட்டுக்கு வந்தான். மருதாயி வீட்டுக்கு வந்தாள். "கிளி!" என்று கிழக்கே ஒரு குரல், "கிளி!" என்று மேற்கே ஒரு குரல். பதில் இல்லை. பாய்ச் சுருள்கள் அடுக்கிய மூலையில், ஒரு சுருளுக்குள் சுருண்டு, வாயோரம் எச்சில் வழிய, கிளியாள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வீட்டில் ஆளில்லை. உச்சி வந்தது, தூக்கம் வந்தது, தூங்கிவிட்டாள்.

உலுக்கினார்கள், எழவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், எழவில்லை. காதருகே முரசு கொண்டுவந்து தட்டினார்கள், எழவில்லை.

பல நாளுக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"நீ பார்த்துக்குவேன்னு நெனச்சேன்."

"நீங்க பார்த்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

குழந்தையைக் கிழக்கே தூக்கினால் மூச்சு மெலிந்தது. மேற்கே தூக்கினாலும் மெலிந்தது. சுண்ணாம்புக் கோட்டின் மேல், தலை ஒரு நாட்டிலும் கால் ஒரு நாட்டிலுமாகப் படுக்கவைத்தால்தான் மூச்சு சீராக வந்தது. அங்கே ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் அடியில் கிடத்தினார்கள். ஒரு பக்கம் உலகப்பன் உட்கார்ந்தான், மறு பக்கம் மருதாயி உட்கார்ந்தாள். பிரிந்து போனவர்களை அந்தக் கோடே ஒரே மரத்தடியில் கொண்டுவந்து உட்காரவைத்தது.

இனி நாடுகளின் கதையைக் கேளுங்கள். தலைமாட்டு நாட்டில் உச்சியில் கண்ணை மூடினால் பூ உதிர்ந்த சந்து வரும், நடக்கத் தொடங்குவார்கள், சட்டென்று விழிப்பு வந்துவிடும். நாளடைவில் விழித்திருக்கும்போதும் அப்படியே ஆனது. கிணறு தோண்டத் தொடங்குவார்கள், தண்ணீர் வரும் முன்னே விட்டுவிடுவார்கள். பாட்டுக்குப் பல்லவியோடு சரி. ஒரு மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

கால்மாட்டு நாட்டிலோ, கண்ணை மூடியதும் பந்தி முடிந்து கை கழுவுகிற இடம். நடக்காமலே கால் வலிக்கும், சாப்பிடாமலே வயிறு நிறையும். விதைக்கும் முன்னே அரிவாளைத் தீட்டினார்கள். கூரை வேய்ந்துவிட்டு, அதை வைக்கச் சுவர் இல்லையே என்று தலையைச் சொறிந்தார்கள். எதற்கோ அழுதார்கள், எதற்கென்று கேட்டால் தெரியாது.

மருதாயிக்கு உச்சியில் என்ன தெரியும்? பூ உதிர்ந்த சந்தில் கிளியாள் முன்னால் ஓடுவாள், திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், "அம்மா, வா!" என்பாள். அதோடு விழிப்பு. தினமும் மகள் தன்னை விட்டுப் போவதை மட்டும் பார்த்தாள். உலகப்பனுக்கு என்ன தெரியும்? பந்தியில் ஒவ்வொருவராக வந்து உட்கார்வார்கள். கடைசியில் ஓர் இலை காலியாக இருக்கும். தினமும் மகள் வந்து சேராததை மட்டும் பார்த்தான். இரண்டு பேரும் தாங்கள் கண்டதை மற்றவரிடம் சொல்லவில்லை. பெற்ற வயிறு எரியும்போதும் வீம்பு மட்டும் குறையவில்லை, என்ன மனிதர்களோ!

ஒரு நாள் மருதாயி போர்வையை விலக்கினாள். கிளியாளின் கால்விரல்களைக் காணவில்லை. வலி இல்லை, ரத்தம் இல்லை. பனி மாதிரி மங்கிப் போயிருந்தன. மறுநாள் பாதம் மங்கியது. அதற்கடுத்த நாள் கணுக்கால். மருதாயி மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"தா...யி... மரத்தை ஆட்டாதே... விழுந்துடுவேன்..."

கிளையில் ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. மெலிந்த கை, மெலிந்த கால், முகம் முழுக்கக் கண். அது எந்த நாட்டுப் பிரஜை என்று இரண்டு எல்லைக் காவலர்களும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். அது கோட்டைத் தாண்டினால் பிடிக்கலாம் என்று காத்திருந்தார்கள். அதுவோ ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் போக ஒரு பருவம் எடுத்துக்கொண்டது. காவலர்கள் சலித்துப்போய் மரத்தின் இரு பக்கமும் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

"பகல்ல தூங்கறவன் நான். உன் பிள்ளையைப் பார்த்தேன்" என்றது தேவாங்கு. "அவ அந்தத் தூள்ல இருக்கா. தூள் இமையான்கிட்ட இருக்கு. அவன் நடுவுல இருக்கான்."

"நடுவுக்கு எப்படிப் போறது சாமி?" என்றான் உலகப்பன்.

"ரெண்டு பக்கத்திலிருந்தும் போகணும். தலைமாட்டு ஆள் ஒண்ணு, கால்மாட்டு ஆள் ஒண்ணு, ஒரே பாயில படுக்கணும். அந்தப் பாயை நீங்க ரெண்டு பேருமே கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நெய்யணும். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பொய்யைத் தாங்காத பாய் அது. இடுப்பு வரைக்கும் மங்கிட்டா அப்புறம் நான் சொல்ல ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டுத் தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டது. மூடி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கோட்டின் மேல் தறியைப் பரப்பினார்கள். உலகப்பன் கோரையைக் கோத்தான், மருதாயி அச்சை அடித்தாள்.

"நமக்குள்ள என்ன மருதாயி சண்டை? ஒண்ணுமில்ல" என்றான் உலகப்பன், குழைந்து.

"ஆமாங்க. யானையாவது பூனையாவது. எல்லாம் மறந்தாச்சு" என்றாள் மருதாயி, அதைவிடக் குழைந்து.

நெய்து முடித்துப் பாயைத் தூக்கினார்கள். கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு கீழே விழுந்தது. அன்று கிளியாளின் முழங்கால் வரை மங்கிவிட்டது.

இரண்டாம் முறை வாயே திறக்காமல் நெய்தார்கள். பாய் நின்றது. படுத்தார்கள். தூக்கம் மட்டும் வரவில்லை. இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. கிளியாளின் தொடை பாதி மங்கிவிட்டது.

மூன்றாம் முறை கோரையை எடுக்கும்போது மருதாயிக்கு அடக்க முடியவில்லை. "யானை போகத்தான் போச்சு! அதைப் பார்த்தும் கதவைத் திறன்னு சொன்னீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?"

"வந்த யானைக்கு நேரா கதவைச் சாத்தச் சொன்னியே, உனக்கு நெஞ்சு இருக்கா?" என்றான் உலகப்பன். கோரை சர்ரென்று ஓடியது.

"எங்க ஊர்க் குளம் வத்தின வருஷம் தெரியுமா உங்களுக்கு? எங்கம்மா ஒரு கலயம் வரகை எல்லார் கண்ணுக்கும் மறைச்சு வச்சா. கேட்டவங்களுக்கெல்லாம் இல்லன்னு சொன்னா. அதனாலதான் நான் உசுரோட இருக்கேன். என் தம்பி இல்ல. போறது போகும்போது முதுகுதான் தெரியும். நான் பார்த்திருக்கேன்."

உலகப்பனின் கை ஒரு நொடி நின்றது. "தம்பி இருந்தான்னு நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

"நான் கைக்குழந்தையா இருக்கும்போது எங்கப்பன் என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்த நாட்டு எல்லைக்கு வந்தான். அன்னைக்கு யாரோ ஒருத்தர் கதவைத் திறந்தார். சாத்தியிருந்தா நான் ஏது, கிளி ஏது? அதனாலதான் சொல்றேன், யானை வருது. வந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

"போகுது."

"வருது!"

"போகுது!"

அச்சு அடித்தது, கோரை ஓடியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியது, அழுது அழுது கண் வீங்கியது. உச்சிக்குள் பாய் முடிந்துவிட்டது, தூக்கியபோது ஒரு கோரைகூட அசையவில்லை. கிளியாளை நடுவில் கிடத்தி, களைத்துப்போய் இரண்டு பக்கமும் படுத்தார்கள். நல்ல களைப்பு. அந்தக் களைப்பில் தூக்கம் தானாக வந்தது.

மருதாயி பூ உதிர்ந்த சந்தில் நின்றாள். கிளியாள் முன்னால் ஓடி மறைந்தாள். இந்த முறை விழிப்பு வரவில்லை. உலகப்பன் பந்தியில் காலி இலைக்கு எதிரே நின்றான். அங்கிருந்து பின்னோக்கி நடந்தான். அவள் நடந்த வழியில் பூக்கள் தரையிலிருந்து எழுந்து மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் நடந்த வழியில் தீபங்கள் அணைந்து திரியாகி, திரி பஞ்சாகி, பஞ்சு செடியில் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. வெகுநேரம் நடந்தார்கள். ஓர் இடத்தில் பாதை அறுந்திருந்தது. இந்தக் கரையில் அவள், அந்தக் கரையில் அவன். நடுவில் வெள்ளைத் தூள் மிதந்து, அதன் மேல் இமையான் உட்கார்ந்திருந்தான். மடியில் கிளியாள். இடுப்புக்குக் கீழே பனி.

"வாங்க" என்றான் இமையான். இமையில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "தூக்கம்னா என்னன்னு தெரியாதவன் நான். ஊரான் கனவுத் தூளை வச்சுக்கிட்டு ஆசையைத் தீர்த்துக்கறேன். இந்தப் பிள்ளை இருந்தா இது கலையாம இருக்கு. சும்மா தர மாட்டேன். ஒரு கேள்வி கேக்கறேன். ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்லணும், பொய் இல்லாம சொல்லணும். யானை வந்ததா, போனதா?"

"வந்துச்சு" என்றான் உலகப்பன்.

"போச்சு" என்றாள் மருதாயி.

கரைகள் இன்னும் விலகின. கிளியாளின் வயிறு மங்கியது.

"யானை வந்ததா, போனதா?"

உலகப்பன் மகளைப் பார்த்தான். மருதாயி சொன்னதையே சொல்லிவிடலாம், பிள்ளை பிழைத்தால் போதும். "போச்சு!" என்றான்.

அதே நேரம் மருதாயி, "வந்துச்சு!" என்றாள்.

ஐயோ, அந்த அவசரத்திலும் ஆளுக்கொரு பதில்! சொன்னதும் பொய். கரைகள் கிடுகிடுவென்று விலகின, மார்பு வரை பனி ஏறியது. கிளியாள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதான் கடைசி" என்று பாக்குவெட்டியைத் திறந்தான் மாயாவி.

"மருதாயி!" என்று அக்கரையிலிருந்து கத்தினான் உலகப்பன். "என் வாயில போச்சுன்னு வராது!"

"என் வாயிலயும் வந்துச்சுன்னு வராதுங்க!"

"அப்ப நமக்கு ஒத்துவரல. அது நிஜம்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அதையே சொல்லுவோம் வா!"

இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "யானை விஷயத்துல எங்களுக்கு ஒத்துவரல!"

இமையான் பொய் தெரிகிறதா என்று காத்திருந்தான். தெரியவில்லை. ஒரே பதில், சொன்னது அத்தனையும் நிஜம். வெள்ளிப் பாக்குவெட்டியின் இரண்டு அலகும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. திறந்து பார்த்தான், திறக்கவில்லை. கரைகள் மெல்ல நெருங்கின. தூள் பாதையாயிற்று. பனி வடிந்து கிளியாளுக்குக் கை வந்தது, இடுப்பு வந்தது, கால் வந்தது. மருதாயி ஒரு பக்கம் பிடித்தாள், உலகப்பன் ஒரு பக்கம் பிடித்தான்.

கிளியாள் உடனே வரவில்லை. மாயாவியிடம் திரும்பிப் போய், தன் சின்ன உள்ளங்கையால் அவன் இரண்டு கண்ணையும் பொத்தினாள். "இப்படித்தான் மாமா, இருட்டா இருக்கும். பயப்படாதீங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. பிறந்தது முதல் தூங்காதவன் தூங்குகிற குறட்டை, கேட்க வேண்டுமா! அந்தச் சத்தத்தில்தான் அவர்கள் மூவரும் விழித்தார்கள்.

கிளியாள் நாவல் மரத்தடியில் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றாள். மருதாயி அவளுடைய கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு முத்தமிட்டாள்.

அடுத்த உச்சியில் இரண்டு நாட்டுக்கும் முழுக் கனவு வந்தது. சந்தில் நடந்து, என்னென்னவோ கண்டு, பந்திக்கு வந்தால், பக்கத்து இலையில் பழைய முகங்கள்! கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. "அப்பளம் தள்ளுங்க" என்று யாரோ தொடங்கிவைத்தார்கள்.

சேந்தராயர் சபையைக் கூட்டினார். "ரெண்டு நாடாவே இருப்பமா? ஒண்ணாவே ஆயிடுவமா?" என்று கேட்டார். உடனே தொடங்கியது பழைய கூச்சல். போக்கர் தலைவர் எழுந்தார். "கனவு ஒட்டிக்கிச்சு, சந்தோஷம். ஆனா இவங்களோட குப்பை கொட்ட முடியாது. இன்னும் நல்ல மாயாவியாப் பார்த்து, இன்னும் கவனமா வெட்டச் சொல்லுவோம்" என்றார். வரவர் தலைவர், "அவங்க சொல்றதுல இது ஒண்ணுதான் சரி. போன தடவை ஏதோ கைதவறிப் போச்சு" என்றார். கூட்டம் கைதட்டியது. வெட்டிவிடுவார்கள் போலத்தான் இருந்தது.

மருதாயி எழுந்தாள். கிளியாள் அவள் தோளில் இருந்தாள். சபையில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"வெட்டுங்க மகாராஜா. ரெண்டா வெட்டுங்க, நாலா வெட்டுங்க. எங்க வீட்டுக்காரரும் நானும் இன்னும் யானையைப் பத்திப் பேசினா சண்டைதான். நான் அதைச் சொல்ல வரல. வெட்டறதுக்கு முன்னால ஒருத்தன் வந்து கேப்பான், உள்ளே யாராவது இருக்கீங்களான்னு. போன தடவை நானும்தான் கத்தினேன், இல்லைன்னு. சத்தியமா இல்லைன்னு நெனச்சுத்தான் கத்தினேன். என் மக உள்ளே இருந்தா." தோளில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இந்தத் தடவை யார் சொல்லப் போறீங்க? உள்ளே யாருமே இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க எழுந்து நில்லுங்க."

கிழக்கே ஒருவர் எழுந்தார். எழுந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார், தன் பேத்தியைத் தேடினார், உட்கார்ந்துவிட்டார். மேற்கே தலைவர் வாயைத் திறந்தார். திறந்த வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்தப் பெரிய சபையில் தாய்மார்கள் மெல்ல எழுந்து தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். பிறகு அப்பன்மார்கள் போனார்கள். சேந்தராயர் தானே ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் கோட்டைக் கழுவத் தொடங்கினார்.

அவர்கள் அங்கே சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து சுகமாக இருந்தார்கள். நாமும் இங்கே அப்படியே இருப்போம்.